சுவரைப் பார்த்து நின்ற இன்ஸ்பெக்டர்

கோட்டுப் போட்ட ஒருவரை அவ்வளவு நேரம் பின்பக்கமாகவே பார்த்தது அன்றைக்குத்தான். சாம்பல் நிறக் கோட்டு. தோள்பட்டைக்கு நடுவே வேர்வை ஊறி, ஒரு தோசை அளவுக்குத் திட்டாகப் படர்ந்திருந்தது. அந்தக் கோட்டுக்குள் இருந்தவர் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். கரும்பலகைக்கு நேர் எதிரே, சுவரைப் பார்த்தபடி ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் எங்கள் வாத்தியாரும் சுவரைப் பார்த்தே நின்றார்.

குறும்பு செய்த பையன்களைத்தான் அப்படி நிறுத்தி வைப்பது வழக்கம். அன்றைக்குப் பையன்கள் எல்லாரும் கைகட்டி உட்கார்ந்திருக்க, பெரியவர்கள் இரண்டு பேர் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. நான் இனிமேல் பள்ளிக்கூடம் வரலாமா, வீட்டோடு கிடக்க வேண்டியதுதானா என்பதை அந்தக் கோட்டுக்காரர்தான் சொல்லவேண்டியிருந்தது.

போன வாரம் ஆற்று வெள்ளத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் மகள், ஒன்றை ஆரம்பித்தால் நேராகச் சொல்லி முடிக்கக் கூடாதா என்று அலுத்துக்கொண்டாள். நேராகச் சொல்லி முடித்தால் அரைப் பக்கம்தான் வரும், மீதிப் பக்கத்தில் பத்திரிகைக்காரர் வைத்தியக் குறிப்பு போட்டுவிடுவார் என்றேன். கோலாலம்பூரில் அவள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பின்னால் ரயில் போகும்போது மேசை ஆடும். எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் அது என் குற்றமில்லை.

தம்பி பிறந்தால் படிப்பு முடிந்தது

எங்கள் தோட்டம் மலாயாவில், கிள்ளானிலிருந்து பந்திங் போகும் பக்கம் இருந்தது. சின்னத் தோட்டம். ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிய காலம் போய், ஜனங்கள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த வருஷங்கள். எனக்கு ஒன்பதோ பத்தோ வயது இருக்கும்.

இருட்டு விலகும் முன்பே பெரட்டு நடக்கும். ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதைத்தான் பெரட்டு என்போம். பேர் கொடுத்துவிட்டு அப்பாவும் அம்மாவும் ரப்பர் பால்மரக் காட்டுக்குள் போய்விடுவார்கள். பெரிய தோட்டங்களில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை உண்டு. எங்களுக்கு அதெல்லாம் கிடையாது. வீட்டில் மூத்தது பெண்ணாக இருந்தால் அதுதான் ஆயா, அதுதான் கொட்டகை.

அதனால் கூலிகளின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பெண்பிள்ளைகளின் படிப்பு எத்தனையாம் வகுப்போடு நிற்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. தம்பியோ தங்கச்சியோ பிறந்த அன்றைக்கு அது நிற்கும். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி என்னைவிடக் கெட்டிக்காரி. தங்கச்சி பிறந்ததும் சிலேட்டைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டு இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டாள். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மழை பெய்தால் மழை பெய்கிறது என்று இருப்போமே, அப்படி இருந்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் என் தம்பி வீரன் பிறந்தான். கொழுகொழுவென்று கனமான பிள்ளை. தூக்கினால் இடுப்பு ஒரு பக்கம் போகும். தொண்டையோ அவனுடைய உடம்பைவிடப் பெரிது. எனக்கு அவன்மேல் ஆசையும் இருந்தது, ஆத்திரமும் இருந்தது. இரண்டையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கொட்டகைக்கு வெளியே

பள்ளிக்கூடம் என்று பேர்தான். அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை, அரைச் சுவர், ஒரே வாசல். பக்கத்தில் ஒரு ரம்புத்தான் மரம். வீரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அந்த மரத்தடியில் போய் நிற்பேன். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கலாமே என்ற நப்பாசைதான்.

அங்கேதான் அந்த அதிசயத்தைக் கண்டுபிடித்தேன். உள்ளே பிள்ளைகள் ராகம் போட்டு வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தால் வீரன் கண் சொருகி என் தோளில் சாய்வான். சொல்லி நிறுத்தினால் விழித்துக்கொண்டு ஊரைக் கூட்டுவான். தாலாட்டு, கிலுகிலுப்பை, சர்க்கரைத் தண்ணீர் ஒன்றுக்கும் மசியாத பிள்ளை, ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மசிந்தான்.

வாத்தியார் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். மூக்குப்பொடி, முன்கோபம் இரண்டும் உண்டு. அவருக்கும் ஒரு கவலை இருந்தது. பிள்ளைகள் இன்னும் குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு அவரை ரப்பர் பால் நிறுக்கிற வேலைக்குப் போட்டுவிடுவதாகத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொல்லியிருந்தார். பாலின் வாடை அவருக்கு ஆகாது. வெளியே வந்து என்னைப் பார்த்தார், வீரனைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"உள்ள வந்து தொலை. அது கத்துச்சுன்னா ரெண்டு பேரையும் வெளிய தள்ளிடுவேன்."

அம்மாவின் பழைய சேலையை உத்தரத்தில் கட்டித் தூளி போட்டேன். மறு வாரம் பாப்பாத்தி தங்கச்சியோடு வந்தாள். பரணிலிருந்து இறங்கிய சிலேட்டில் சிலந்தி வலை. அப்புறம் இன்னொருத்தி, இன்னும் ஒருத்தி. கொஞ்ச நாளில் உத்தரம் நெடுகத் தூளிகள். ஒரு கையால் எழுதுவோம், காலால் தூளிக் கயிற்றை இழுத்து ஆட்டுவோம். இது பள்ளிக்கூடமா, பிரசவ ஆஸ்பத்திரியா என்று வாத்தியார் தினமும் ஒருமுறை கேட்பார். கேட்டுவிட்டு, பிள்ளைகள் நிறைந்திருப்பதைப் பார்த்து மீசைக்குள் சந்தோஷப்படுவார்.

உத்தரம் முனக ஆரம்பித்தது. ஒரு ஓய்வு நாளில் அப்பாவும் இன்னும் சில ஆண்களும் வந்து புதுக் கட்டை கொடுத்து முட்டுக் கட்டினார்கள். பள்ளிக்கூடத்துக்குள் அப்பா கால் வைத்தது அதுதான் முதல் தடவை. செருப்பில்லாத காலை வாசலில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கோயிலுக்குப் போனால்கூட ஒரு தரம்தான் துடைப்பார்.

அம்மாக்கள் வந்த நேரம்

பால் வெட்டுக்கு ஒரு முறை உண்டு. விடியற்காலையில் மரப்பட்டைகளை வெட்டிவிட்டால், பால் சொட்டி, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணம் நிறையக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நிறைந்த பிறகுதான் எடுக்கப் போவார்கள். நடுவில் கிடைக்கிற அந்த நேரத்தில் கைப்பிள்ளைக்காரிகள் லயத்துக்கு ஓடி வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்து அமர்த்திவிட்டுத் திரும்பி ஓடுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் அந்த ஓட்டம் இங்கே திரும்பியது.

முதலில் ரம்புத்தான் மரத்தடியில் உட்கார்ந்து பால் கொடுத்தார்கள். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. வாத்தியார் எல்லாரையும் உள்ளே வரச் சொல்லிவிட்டு, சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பியவர் திரும்பியபடியே பாடம் நடத்தினார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அம்மாக்கள் வந்து வாசல் ஓரம் வரிசையாக உட்காருவார்கள். வாத்தியார் சுவரைப் பார்த்துப் பாடம் சொல்லுவார். அவர்கள் எழுந்து போன பிறகு திரும்புவார்.

அந்த நேரத்துக்கென்று அவர் வைத்திருந்தது பதினாறாம் வாய்ப்பாடு. வெயில் ஏறி, கொட்டகை காய்ந்து, குழந்தைகள் நசநசவென்று அழுகிற நேரம் அது. இருப்பதிலேயே நீளமான, இழுத்து இழுத்துப் பாடக்கூடிய வாய்ப்பாடு பதினாறுதான். குழந்தைகள் அடங்கின. ஒன்று மட்டும் சொல்லவேண்டும், அந்தப் புழுக்கத்தில் எங்களுக்கும் கண் சொருகும். வாய் பாட்டுக்குப் பாடும், மண்டையில் ஒன்றும் ஏறாது.

அந்த வருஷத் தைப்பூசத்துக்குத் தோட்டத்து ஜனங்கள் கிள்ளானில் ரயிலேறிப் பத்துமலைக்குப் போனோம். வண்டிக்குள் காவடிக் கூட்டம், கற்பூரப் புகை, வேல் வேல் என்று முழக்கம். வீரன் வீறிட்டான். எதற்கும் அடங்கவில்லை. கடைசியில் அப்பா வெட்கத்தை விட்டு, "ஓரேழு ஏழு" என்று ஆரம்பித்தார். அப்பாவுக்குக் கணக்கு தெரியாது. ஈரேழுக்குப் பதினைந்து, மூவேழுக்கு முப்பது என்று வாய்க்கு வந்ததைப் பாடினார். எங்கள் லயத்து ஆட்கள் அத்தனை பேரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்துப் பெட்டியில் இருந்த ஒரு கிழவர் இது எந்த முருகன் பாட்டு என்று விசாரித்தார். வீரன் தூங்கினான். எல்லாரும் சிரித்தோம். அம்மா மட்டும் அப்பா சொன்ன ஒவ்வொரு எண்ணுக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் தலைவலி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் வருகிறார்

தூளி விஷயம் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் காதுக்குப் போனது. யார் போட்டுக் கொடுத்தார்கள் என்று இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்த மனிதர் செத்துப்போய் எத்தனையோ காலமாகிறது. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், அவர் சரி என்றால் தூளி இருக்கட்டும், கூடாது என்றால் அன்றைக்கே அவிழ்த்துவிடு என்று துரை சொல்லிவிட்டாராம்.

வாத்தியார் எங்களிடம் இதைச் சொல்லிக்கொண்டே தூளிக் கயிறுகளின் முடிச்சை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

அன்று சாயந்திரம் அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் ஊதுவதை நிறுத்தவில்லை. புகைக்குள்ளிருந்தே சொன்னாள்.

"தூளிய அவுத்துட்டா நீ வீட்டோடதான் இருக்கணும் அஞ்சல. நான் மரத்த விட்டுட்டு வர முடியுமா, சொல்லு."

சொல்ல என்ன இருக்கிறது. அம்மா ஒரு நாள் பேர் கொடுக்காவிட்டால் அவள் மரங்கள் வேறு ஆளுக்குப் போய்விடும். அவளுக்கு என்மேல் பாசம் இல்லாமலா? அன்று ராத்திரி சோற்றுக்கு எனக்கு மட்டும் கருவாட்டின் நடுத்துண்டு வைத்தாள். அது எனக்கு இன்னும் அழுகையை வரவழைத்தது.

மறுநாள் காலையில் அந்தச் சாம்பல் கோட்டு வந்தது.

யாழ்ப்பாணத்து மனிதர். நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று, கையில் குடை. நாங்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தோம். நிறுத்தவே கூடாது என்பது வாத்தியாரின் உத்தரவு. கோட்டுக்காரர் வாசலில் நின்று உத்தரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். ஒவ்வொரு தூளியாகப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கரும்பலகைப் பக்கம் போய் நின்றுகொண்டு, அமைதியாக இருக்கும்படி கையை உயர்த்தினார்.

வாத்தியார் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்ல முடியுமா? அரசாங்கத்துக் கை அல்லவா அது. நாங்கள் நிறுத்திவிட்டோம்.

கொட்டகை நிசப்தமானது. பிறகு வீரன் ஆரம்பித்தான். அவனைத் தொட்டுப் பாப்பாத்தியின் தங்கச்சி. அடுத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் அத்தனை தூளிகளும். கூரை பிய்த்துக்கொண்டு போகாததுதான் பாக்கி.

வெட்டு முடித்து வந்துகொண்டிருந்த அம்மாக்களுக்குக் காட்டுப் பாதையிலேயே சத்தம் கேட்டிருக்கிறது. தூளி அறுந்து பிள்ளைகள் விழுந்துவிட்டன என்றே நினைத்து ஓடி வந்தார்கள். தலையில் கட்டிய துணியோடு, மேலெல்லாம் பால் வாடையோடு உள்ளே பாய்ந்து, அவரவர் பிள்ளையை அள்ளி, அவரவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து மாராப்பை விலக்கிவிட்டார்கள். கோட்டுக்காரர் ஒருத்தர் நிற்கிறார் என்பதே பிறகுதான் அவர்கள் கண்ணில் பட்டது.

வாத்தியார் பழக்கதோஷத்தில் சுவர்ப்பக்கம் திரும்பினார். இன்ஸ்பெக்டர் ஒரு நிமிஷம் திகைத்துப் பார்த்துவிட்டு, அவரும் திரும்பிக்கொண்டார். வெளியே போகலாம் என்றால் இருப்பது ஒரே வாசல். வாசலை அடைத்துக்கொண்டு அம்மாக்கள். பிள்ளைகளைப் பிடுங்கினால் மறுபடி கச்சேரி ஆரம்பித்துவிடும். யாரும் அசையவில்லை.

சுவரோடு ஒரு பரீட்சை

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் இருமினார். குடையின் பிடியைத் திருகினார். பிறகு சுவரைப் பார்த்தே பேசினார்.

"பிள்ளையள், நான் கேக்கிறதுக்கு இருந்த இடத்திலயே இருந்து பதில் சொல்லுங்கோ."

சின்னச் சின்னக் கணக்காகக் கேட்டார். பையன்கள் பதில் சொன்னார்கள். பாப்பாத்தி இரண்டு சொன்னாள். எனக்குத் தெரிந்ததைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்ததாக, "பதினாறேழு?" என்றார்.

யாரும் வாய் திறக்கவில்லை. ராகம் எல்லாருக்கும் தெரியும். ஆரம்பத்திலிருந்து பாடினால் வந்துவிடும். நடுவில் வெட்டிக் கேட்டால் எங்கே போவது? வாத்தியாரின் காது மடல் சிவந்துகொண்டே போனது. முடிந்தது என்று நினைத்தேன். மனசுக்குள் சிலேட்டைப் பரணில் தூக்கி வைத்துவிட்டேன்.

"நூத்திப் பன்னெண்டு."

எனக்குப் பின்னாலிருந்து வந்தது. மெல்லிய கீச்சுக் குரல். சின்னப்பிள்ளை மாதிரிப் பேசாதே என்று பெரட்டில் கங்காணி தினமும் கேலி செய்கிற குரல். நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா வீரனின் தலையை முந்தானையால் மூடியபடி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொன்னது தான்தான் என்று அவளுக்கே தெரிந்ததோ என்னவோ.

"பதினாறொன்பது?"

"நூத்தி நாப்பத்தி நாலு."

கோட்டு கொஞ்சம் நிமிர்ந்தது.

"வடிவாச் சொன்னாய். ஆர் பிள்ளை நீ? உன்ர பேர் என்ன?"

அம்மாக்கள் எல்லாரும் அம்மாவையே பார்த்தார்கள். அம்மாவுக்கு அப்போது இருபத்தைந்துகூட நிறைந்திருக்காது. அவள் கண் ஒரு நொடி அலைந்தது. பிறகு என்மேல் வந்து நின்றது.

"அஞ்சலைங்க" என்றாள்.

யாருமே சிரிக்கவில்லை. யாருமே காட்டிக்கொடுக்கவில்லை. எதற்கெடுத்தாலும் பிராது சொல்லுகிற முன்வரிசைப் பையன்கள்கூட வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொட்டகையை அன்றைக்குப் போல நான் என்றைக்கும் நேசித்ததில்லை.

பிள்ளைகள் பால் குடித்து அடங்கியதும் அம்மாக்கள் எழுந்துகொண்டார்கள். வாத்தியார் மெதுவாக வாய்ப்பாட்டை எடுத்துக் கொடுக்க, நாங்கள் பாட, இன்ஸ்பெக்டர் திரும்பினார். அஞ்சலை யார் என்று கேட்டார். எழுந்து நின்றேன். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வீரனோடு நின்ற அம்மாவைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார் என்றே எனக்குப் பட்டது.

"நீங்களோ இவவின்ர தாய்?"

"ஆமாங்க."

"கெட்டிக்காரப் பிள்ளை. பள்ளிக்கூடத்தாலை நிப்பாட்டிப் போடாதேங்கோ."

"நிறுத்த மாட்டேங்க" என்றாள் அம்மா. அத்தனை பேர் முன்னால் சொன்னாள்.

தூளிகளைப் பற்றி அவர் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போனார். ஆனால் அன்று மத்தியானமே கிராணி ஒரு தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார். உத்தரம் பத்தாது, பக்கத்தில் சாய்ப்பு இறக்கித் தூளிகளுக்குத் தனி இடம் கட்டவேண்டும், பெண்பிள்ளைகள் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கவேண்டும் என்று இன்ஸ்பெக்டர் துரையிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வாத்தியார் அன்று மூக்குப்பொடியைச் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டார்.

அடுப்படியில்

சாயந்திரம் அம்மா அடுப்பு மூட்டினாள். நான் வீரனை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். எப்படித் தெரியும் என்று.

தினமும் கேட்கிறோமே, காதை அடைத்துக்கொண்டா உட்கார்ந்திருக்கிறோம் என்றாள். மரம் வெட்டும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனால் மர வரிசை, அதாவது நிரை, சீக்கிரம் ஓடிவிடுமாம். மற்ற பெண்களும் சொல்லுவார்களாம்.

"நீ உன் பேரையே சொல்லியிருக்கலாமில்ல?"

விறகை உள்ளே தள்ளினாள்.

"என் பேரு எந்தப் பள்ளிக்கூடத்துல இருக்கு அஞ்சல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. என்னை அழ விடவும் இல்லை. பதினாறாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். அந்த ஐயா மறுபடி வந்தால் தான் வாயைத் திறக்கப் போவதில்லை, என் பேரில் சொன்ன பதிலை நான்தான் மெய்யாக்கவேண்டும் என்றாள்.

சொன்னேன். பதினாறேழில் வந்து தடுக்கினேன். அவள் பதிலைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அகப்பையைக் கையில் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தாள். சோறு பொங்கி வழிந்து அடுப்பு அணைகிற மட்டும் காத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்ன பிறகுதான் பானையை இறக்கினாள்.